நூற்றிருபது மாம்பழ விசுக்கோத்து

தங்கச்சி குமுதினியின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஸ்டேசன் படியில் ஈர இலையில் சறுக்கி விழுந்தாளாம். போன் எடுத்தது அவள் புருசன் சிவநேசன்.

"மச்சான், கை முறிஞ்சது பெரிசில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நூற்றிருபது விசுக்கோத்துக் குடுக்க வேணும். அதுதான் பெரிசு."

நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முப்பத்தொரு வருடம், போறணை அடுப்புப் பக்கம். மாவும் சூடும் தெரியும். விசுக்கோத்தில் பழம் கீறத் தெரியாது. அதைச் சொன்னேன்.

"தங்கச்சி வாயால சொல்லுவா. நீங்கள் கையால செய்யுங்கோ" என்றார்.

ஒரு கிழமை லீவு போட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் லண்டனில் இருந்தேன். மச்சான் டாக்ஸி ஓடுகிறவர். அந்த நேரம் யாரையோ ஏற்றிக்கொண்டு நகரத்தின் மற்றக் கரையில் நின்றார். இல்ஃபோர்டில் இருந்து பஸ்ஸில் வரச் சொன்னார்.

ஏறிக் காசை நீட்டினேன். சாரதி தலையை ஆட்டினார். இங்கே பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். அட்டையைத் தட்ட வேண்டும். என் ஊரில் பேக்கரியில் அட்டையைக் காட்டினால் இன்னும் முகம் சுளிப்பார்கள். அட்டை என் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி நாலு பேரின் காலுக்குள் இருந்தது.

"அண்ணை, தள்ளுங்கோ" என்று பின்னால் ஒரு பெண். இரண்டு அட்டை எடுத்தார். ஒன்றை எனக்காகத் தட்டினார், மற்றதைத் தனக்கு. "உங்களுக்குத் தட்டினது மனுசன்ர அட்டை. அவருக்குத் தெரியாது. பயப்பிடாதேங்கோ."

"தமிழ் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"நிக்கிற நிலையில தெரியுது. எந்த ஊர்?"

"ஜெர்மனி."

"அதில்லை. ஊர்."

"கோண்டாவில்."

"அப்பிடிச் சொல்லுங்கோ" என்று மேல்தட்டுக்கு ஏறிப் போய்விட்டார். நன்றி சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

குட்மேய்ஸில் எல்லா வீடும் ஒரே மாதிரி. எண்ணைப் பார்த்துப் போனேன். உள்ளே கறி மணம். குமுதினி ஒரு கையால் புட்டு அவித்திருந்தாள், கணவாய்க் கறியும் இருந்தது. சாப்பிட்ட பிறகுதான் விசயம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணம்.

மாப்பிள்ளை வீடு எட்மண்டனில் இருக்கும் எங்கட ஆட்கள். பெண் யப்பான். கலியாணத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் இரண்டு இனிப்பு. ஒன்று குமுதினியின் பழ விசுக்கோத்து. மற்றது பெண்ணின் பெரியம்மா செய்கிற யப்பான் இனிப்பு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை.

"இவ்வளவு நாளும் எங்கட ஆக்களின்ர பேர்த்டே, சாமத்தியவீடு எண்டுதான் செய்தனான், அண்ணை. வெளி ஆக்கள் சாப்பிடப்போறது இதுதான் முதல் தரம். இது சரிவந்தால் ஷிப்டை விட்டிட்டு இதையே செய்வன். பிழைச்சால் ஐசிங் பையைத் தொடமாட்டன்."

அவளுக்கு ஒரு கிடங்கில் சாமான் பொதி பண்ணுகிற வேலை. பதினொரு வருடமாக நிற்கிற வேலை. கால் நரம்பு சுருண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செவ்வாய் காலை தொடங்கினோம். இங்கே எங்கட ஆட்களின் வீடுகளில் இரண்டு குசினி. வீட்டுக்குள் ஒன்று. பின்வளவில் கொட்டில் மாதிரி ஒன்று, காஸ் அடுப்போடு. கறி, மீன் பொரியல் எல்லாம் பின் குசினியில். உள் குசினி தேத்தண்ணிக்கும் விசுக்கோத்துக்கும். ஜெர்மனியில் வளவுக்குள் இப்படி அடுப்பு வைத்தால் அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம் வரும்.

பழம் வெட்டுகிற அச்சு நாலு வைத்திருந்தாள். மாம்பழம், மாதுளம்பழம், பலாப்பழம், பனம்பழம். மாம்பழ அச்சு கடையில் வாங்கியதில்லை. தகரத்தைக் குறட்டால் தானே வளைத்திருக்கிறாள்.

"கடையில விக்கிற அச்சு மொட்டையா இருக்கும். எங்கட ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு மூக்கு இப்பிடித்தான் வளையும்."

பட்டர், சீனி, மா. குழைத்து, தட்டி, குளிரவைத்து, வெட்டி, அடுக்கினேன். போறணைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். நூற்றிருபதும் ஒரே நிறம். குமுதினி தட்டுத் தட்டாகப் பார்த்தாள்.

"ஒண்டுகூடக் கருகேல்லை!"

"சம்பளம் வாங்கிறது அதுக்குத்தான்."

புதன்கிழமை ஐசிங். அது வேறு உலகம். முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்த களி. இறுக்கமான களியால் விளிம்பு கீற வேண்டும். பிறகு தண்ணியாக்கியதை உள்ளே ஊற்றி, ஊசியால் மூலைக்குத் தள்ள வேண்டும். காற்றுக் குமிழ் வந்தால் ஊசியால் குத்த வேண்டும். காய்ந்த பிறகு காம்பு, இலை, வெளிச்சம் பட்ட இடத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. மாம்பழத்துக்குக் காம்படியில் பால் வடிந்த கறைகூட வேண்டுமாம்.

எனக்குத் தடித்த விரல். முதல் பத்தும் வழிந்தது.

"அண்ணை, உது பழமில்லை. வெள்ளம்."

"சரி."

"சரியில்லை. அமத்தாதேங்கோ. மூச்சை விட்டிட்டுக் கீறுங்கோ."

மத்தியானத்துக்குப் பிறகு கை கொஞ்சம் சொல் கேட்டது. மச்சான் எட்டிப் பார்த்தார். பனம்பழத் தட்டைக் கையில் எடுத்தார்.

"கத்தரிக்காய் நல்லா வந்திருக்கு."

"போய் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றாள் குமுதினி.

அவருடைய வேலை பின் குசினியில். நான் ஜெர்மனிக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள் வறுத்தார். மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. தும்மித் தும்மி வறுத்தார். இடையில் தேத்தண்ணிக்கு நாலு தரம் உள்ளே வந்து போனார். விசுக்கோத்துத் தட்டுகளை முன் அறையில் காயவிட்டிருந்தோம். அறைக் கதவு பூட்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வியாழன் மத்தியானம் பெண்ணின் பெரியம்மா வந்தார். பெயர் ஹருகோ. ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். எழுபது வயது இருக்கும். என் தோள் அளவுக்கும் இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றித் தெருப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். நாங்களும் கழற்றுகிறவர்கள்தான். ஆனால் உதறிவிட்டு வருவோம்.

துணியில் முடிந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரே மாதிரி இரண்டு இனிப்பு. செம்மஞ்சள் உருண்டை, மேலே கரும்பச்சையில் நாலு இதழ். அவர்கள் ஊரில் இந்த மாதத்தில் மரத்தில் பழுக்கும் பழமாம். ஜெர்மனியிலும் துருக்கிக் கடையில் பார்த்திருக்கிறேன். தக்காளிப்பழம் மாதிரி, ஆனால் இனிக்கும். இதழை விட்டால், ஹருகோ அந்தப் பழத்தை ஒரே ஒரு கோட்டில் செய்திருந்தார். உருண்டையின் நடுவில் ஒரு பள்ளம். அவ்வளவுதான். பழம் என்று தெரிந்தது.

ஒன்றில் எனக்குப் பாதி வெட்டித் தந்தார். வெள்ளை அவரையை அவித்து, தோல் எடுத்து, அரித்து, சீனியோடு கிண்டிய மா. உள்ளே சிவப்புப் பயறு. மோதகத்தின் உள்ளுடன் தேங்காய்ப்பூ இல்லாமல் இருந்தால் இப்படி இருக்கும். பல்லுக்கு வேலை இல்லை. சீனியும் குறைவு. நல்லாயிருந்தது.

"அண்ணைசான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். குமுதினி கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்து, யப்பான் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துவிட்டார். நான் திருத்தவில்லை.

"குட்" என்றேன்.

ஹருகோ வெள்ளைப் பெட்டி ஒன்றில் தன் இனிப்பு ஒன்றையும் எங்கள் மாம்பழம் ஒன்றையும் வைத்து மூடினார். தேத்தண்ணி குடித்தோம். பனம்பழம் என்றால் என்ன என்று கேட்டார். குமுதினி கையால் மரம் காட்டினாள். பிறகு ஹருகோ பெட்டியைத் திறந்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். மூடினார். திரும்பத் திறந்தார். திரும்ப மூடினார். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

குமுதினி கேட்டாள். ஹருகோ இங்கிலீசில் மெதுவாகப் பதில் சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது, மீதியைப் பிறகு குமுதினி சொன்னாள்.

"இதில் வேறு ஒரு வாசனை இருக்கிறது."

"வனிலா."

"வனிலாவுக்குப் பின்னால்."

குமுதினி ஒரு விசுக்கோத்தை எடுத்து மணந்தாள். எனக்குத் தந்தாள். நானும் மணந்தேன். பட்டர், சீனி. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"மிளகாய். சீரகம் மாதிரியும் ஒன்று" என்றார் ஹருகோ. "பட்டர் எல்லா மணத்தையும் குடிக்கும். என் அவரை மா அதைவிடக் குடிக்கும். ஒரே பெட்டியில் வைத்தால் என்னுடையதும் அந்த மணம் ஆகிவிடும். மன்னியுங்கள்."

எழும்பிக் குனிந்து கும்பிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று எனக்குக் குழப்பமாயிருந்தது.

போகும்போது சொன்னார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, என் குசினி இருக்கிறது, நாளைக் காலை வாருங்கள். வர முடியாவிட்டால் என் இனிப்பு மட்டும் போகட்டும், பெண்ணிடம் நான் சொல்லிக்கொள்வேன்.

குமுதினி முன் அறைக்குள் போய்த் தட்டுகளுக்கு நடுவில் இருந்தாள். அழவில்லை. அழுதால் நல்லது என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் உப்பிடியே குடுத்திருக்கிறன், அண்ணை. எத்தினை பேர்த்டே."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"எங்கட ஆக்களெல்லோ. எங்கட ஆக்களுக்கு மணக்குமே?"

மச்சான் வந்தார். விசயம் கேட்டுக் கோபப்பட்டார். "பச்சை மீன் தின்னிறவைக்கு எங்கட தூள் மணக்குதாமோ?"

"அவா மீன் தின்ன வரேல்லை. விசுக்கோத்துத் தின்ன வந்தவா" என்றாள் குமுதினி. அவர் கையில் எனக்குக் கட்டிய தூள் பொதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்தார்.

நான் சொல்ல வேண்டியிருந்தது.

"திங்கட்கிழமை வந்த உடன எனக்கு மணந்தது."

குமுதினி நிமிர்ந்தாள். "ஏன் சொல்லேல்லை?"

"நல்லாயிருந்தது."

"விசுக்கோத்துச் செய்யிற வீடெண்டு தெரியுந்தானே?"

"தெரியும். யோசிக்கேல்லை. அடுத்த நாள் எனக்கும் மணக்கேல்லை."

எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் முதல் வருடம், தொழிற்சாலையில் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுசன். முகம் சிவந்துபோய்ச் சொன்னார், என் ஜாக்கெட் மணக்கிறது, பாணுக்குப் பிடித்துவிடும் என்று. அன்று தொடங்கி ஜாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை, நிலவறையில் கொழுவுகிறேன். மீன் பொரிப்பதையும் விட்டுவிட்டேன். இதைக் குமுதினிக்கு இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் தட்டுகளை ஒரு பக்கம் தள்ளினாள். எழும்பினாள்.

"மச்சானிட்ட சொல்லுங்கோ, ரெண்டு பேற்ற உடுப்பையும் தெருவில இருக்கிற லோண்டறியில போட்டு, அங்கயே காயவைக்கச் சொல்லி. வீட்டுக்குள்ள கொண்டு வரப்படாது. வாசலில வச்சு வாங்குவம்."

மச்சான் அடுத்த அறையில்தான் நின்றார். கேட்டுவிட்டு உடனே போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் இரண்டு தரம் குளித்தேன். குமுதினி முறிந்த கைக்குப் பொலித்தீன் கட்டித் தலை முழுகினாள். ஃபாரஸ்ட் கேட் ரயிலில் நாலாவது ஸ்டேசன். ரயில் சுத்தமாக இருந்தது, ஜெர்மன் ரயில் மாதிரிப் பிந்தவும் இல்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வழி முழுக்கக் குமுதினி தன் சட்டைக் கையை மணந்துகொண்டு வந்தாள்.

"மணக்குதோ, அண்ணை?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"எதிரில இருக்கிற வெள்ளைக்காரனைக் கேப்பமோ?"

"கேள்."

கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் தரம் சிரித்தாள்.

மாவும் பட்டரும் சீனியும் ஃபாரஸ்ட் கேட் கடைகளில் புதிதாக வாங்கினோம். வீட்டுச் சாமானில் அச்சு மட்டும்தான் கொண்டுபோனது. அதையும் கொதிதண்ணியில் போட்டு எடுத்தது.

ஹருகோவின் வீடு மூன்றாம் மாடியில். கதவு திறந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்த குமுதினி என் காதுக்குள் சொன்னாள்.

"அண்ணை. கருவாடு."

எனக்கும் மணந்தது. சோற்று மணம், அதற்கு மேலே கருவாடு. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

"என்ன சொன்னார்?" என்று ஹருகோ என்னைக் கேட்டார்.

குமுதினி என் முழங்கையைப் பிடித்தாள். சொல்லாதேங்கோ என்று அர்த்தம். நான் ஒரு தரம் சொல்லாமல் விட்டதால் வந்த வினை போதும் என்று நினைத்தேன்.

"ஹவுஸ். ஃபிஷ். டிறை ஃபிஷ்" என்றேன்.

ஹருகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். குசினிக்குள் ஓடினார், எழுபது வயதில். அலுமாரி திறக்கிற சத்தம். சூப்புக்குப் போடுகிற கருவாட்டுச் சீவல் பொதிகள், கடற்பாசிப் பொதிகள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து பின்பக்க பல்கனியில் வைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். குளிர் பளீர் என்று வந்தது.

"நாற்பது வருடமாக இந்தக் குசினியில் செய்கிறேன்" என்றார். "யாரும் சொல்லவில்லை."

குமுதினி சொன்னாள்: "எனக்கும் யாரும் சொல்லவில்லை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஹருகோ ஒரு ஏற்பாடு சொன்னார். உங்களுடையதை நான் மணக்கிறேன், என்னுடையதை நீங்கள் மணக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது. அண்ணைசான் சாட்சி.

எங்களுக்கு வெள்ளை மேலங்கி தந்தார். கழுத்தில் இருந்து முழங்கால் வரை, கைக்கு இறப்பர் நாடா. என் கையில் அது முழங்கையோடு நின்றது. மச்சான் போனில் வீடியோவில் கூப்பிட்டார்.

"மச்சான், என்ன கோலம் இது, பாதர் மாதிரி? எனக்கொரு பூசை வையுங்கோ."

"போனை வை" என்றேன்.

அன்றைக்கே நூற்றிருபதும் சுட்டேன். சின்னப் போறணை. ஒரு தட்டில் பத்துத்தான் பிடித்தது. வலது மூலை சூடு கூட. இரண்டாம் தட்டிலேயே பிடித்துக்கொண்டேன், பாதியில் திருப்பித் திருப்பி வைத்தேன். பக்கத்தில் ஹருகோ அவரை மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். மரக் கரண்டியை எடுத்தால் மா முனையாக நிற்க வேண்டும், விழக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதைக்கவில்லை. எனக்குப் பிடித்த குசினி.

நாலு பழத்துக்கு நேரம் இல்லை. மாம்பழம் மட்டும் என்று மா வெட்டும்போதே குமுதினி முடிவெடுத்திருந்தாள். அதிலும் காம்பு, இலை, கறை, வெள்ளைப் பொட்டு எல்லாம் நூற்றிருபதுக்கும் என் கையால் ஆகாது. ஹருகோ கொஞ்சம் யோசித்தார். ஒரு விசுக்கோத்தை எடுத்தார். மஞ்சள் ஐசிங் காய்ந்திருந்தது. விரல் நுனியில் இனிப்புக்குப் போடுகிற சிவப்பு நிறத்தூள் தொட்டு, பழத்தின் தோள்பட்டைப் பக்கம் ஒரு தடவு தடவினார்.

"இது போதாதா?"

குமுதினி தமிழில் என்னிடம் சொன்னாள். "உது மாம்பழமே? மஞ்சள் கல்லு."

"தூரத்தில வச்சுப் பார்" என்றேன்.

தூர வைத்தாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். மூக்கு வளைந்திருந்தது, தோள் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"கறுத்தக்கொழும்பானுக்கு இவ்வளவு சிவப்பு இல்லை. பச்சை எப்பன் கலக்க வேணும், ஒரு சொட்டு."

"கலந்தால்?"

"கலந்தால் சரி" என்றாள். விருப்பம் இல்லாமல்தான் சொன்னாள்.

அன்று பின்னேரம் ஹருகோ ஒரு வெள்ளைப் பெட்டியில் தன் இனிப்பு ஒன்று, எங்கள் மாம்பழம் ஒன்று வைத்து மூடினார். மேசையின் நடுவில் வைத்தார். நாளைக் காலை வரை யாரும் தொடக் கூடாது. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. போனால் திரும்பவும் மணத்தோடு வர வேண்டும். சோறும் அவித்த பூசணிக்காயும் தந்தார். மீன் சூப் இல்லை, எங்களுக்காக. உப்புக் குறைவு, உறைப்பு இல்லவே இல்லை. நான் இரண்டு கோப்பை சாப்பிட்டேன். குமுதினி பாதி விட்டாள். நிலத்தில் மெத்தை விரித்துப் படுத்தோம்.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். ஹருகோ மூடியைத் திறந்தார்.

முதலில் குமுதினி. ஹருகோவின் இனிப்பை எடுத்து மணந்தாள். கண்ணை மூடினாள். ஒரு மூலையைக் கடித்து வாயில் வைத்திருந்தாள். கன நேரம். நான் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவளுக்குப் பழி வாங்க ஒரு வழி இருந்தது.

"மீன் இல்லை" என்றாள். "சுத்தம்."

பிறகு ஹருகோ. மாம்பழத்தை எடுக்கவில்லை. குமுதினி கடித்த இனிப்பின் மிச்சத்தை எடுத்தார். எங்கள் விசுக்கோத்துக்குப் பக்கத்தில் முழு இரவும் இருந்தது அதுதானே. மணந்தார். வாயில் போட்டார். மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். தண்ணி குடித்தார்.

குமுதினியின் நல்ல கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"அவரை" என்றார் ஹருகோ. "சீனி. கடைசியில் கொஞ்சம் பட்டர். அது பரவாயில்லை. பட்டர் நல்ல விருந்தாளி."

குமுதினி கதிரையில் இருந்தாள். இப்போது அழுதாள். ஹருகோ தேத்தண்ணி வைக்கப் போனார். நான் மஞ்சள் ஐசிங் கரைத்தேன். வேலை கிடந்தது.

பகல் முழுக்க மூன்று பேரும் செய்தோம். நான் மாம்பழத்துக்குத் தோள் சிவக்க வைத்தேன், பச்சை எப்பன் கலந்து. ஹருகோ உருண்டை பிடித்தார். என்னையும் ஒன்று பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பார்த்தார்.

"அண்ணைசான், இது பாண் இல்லை. நெரிக்காதே."

அந்த உருண்டையை நானே சாப்பிட்டேன். குமுதினிக்கு இடது கைதான் இருந்தது. ஹருகோ ஒரு மூன்று மூலை மரக்கட்டையைக் கொடுத்தார். உருண்டையில் அந்த ஒரு கோட்டை அழுத்துகிற வேலை. முதல் ஐந்து கோடு வளைந்தது. பிறகு நேரானது. மிச்ச நூற்றுப் பதினைந்தையும் அவள்தான் அழுத்தினாள், இடது கையால்.

ஞாயிறு காலை அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. தண்டவாள வேலையாம். அதற்குப் பதில் பஸ். மண்டபம் இல்ஃபோர்டில். மச்சான் டாக்ஸியோடு வந்து நின்றார். காரைக் கழுவி, நாலு கண்ணாடியும் இறக்கி, ஒரு எலுமிச்சம்பழமும் வெட்டி வைத்திருந்தார். ஹருகோ பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். குனிந்து கும்பிட்டார்.

"மிகவும் நன்றி. நாங்கள் பஸ்ஸில் போகிறோம்."

"என்னவாம்?" என்றார் மச்சான்.

"நேற்று காருக்குள்ள என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றாள் குமுதினி.

மச்சான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "கொத்துரொட்டி."

நூற்றிருபது பெட்டி, ஆறு பிளாஸ்டிக் கூடை, ஒரு பஸ். மச்சான் காரை அங்கேயே விட்டுவிட்டு எங்களோடு கூடை தூக்கி ஏறினார். சனம் நெரிசல். யாரோ ஒரு இளைஞன் எழும்பிக் கூடைக்கு இடம் விட்டான், எனக்கு விடவில்லை. சரி. நான் நின்று பழகியவன்.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பெட்டி கொடுத்தார்கள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். பெண்ணின் ஆட்கள் பெட்டியைத் திறந்து கன நேரம் பார்த்தார்கள், பிறகுதான் தொட்டார்கள். எங்கட ஆட்கள் திறந்த கையோடு வாயில் போட்டார்கள். இரண்டு விதமும் எனக்குப் பிடித்தது. ஒரு யப்பான் கிழவர் மாம்பழத்தின் மூக்கை விரலால் தடவி, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் பக்கத்து மேசையில் கேட்டார். "மாங்கோ! கறுத்தக்கொழும்பான்!" என்று அங்கிருந்து நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

எட்மண்டனில் இருந்து வந்த ஒரு வயதான மனுசி குமுதினியின் கையைப் பிடித்தார். அவருடைய பேரப்பிள்ளையின் பேர்த்டேக்கு முன்பு விசுக்கோத்துச் செய்தவளாம் இவள்.

"பிள்ளை, வடிவாத்தான் இருக்கு. ஆனால் முந்தி நீ செய்ததில ஒரு ருசி இருந்தது. இதில ஏதோ குறையுது."

குமுதினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஹருகோ வந்து, என்ன சொன்னார் என்று கேட்டார். குமுதினி ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஹருகோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, செவ்வாயும் புதனும் என் குசினி சும்மாதான் கிடக்கும் என்றார். மணக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். குமுதினி தலையை ஆட்டினாள். மச்சானிடம் திரும்பி, "நாளைக்கு ஷிப்டுக்குப் போன் எடுத்து, கை சுகம் வந்தாலும் வரமாட்டன் எண்டு சொல்லப்போறன்" என்றாள். மச்சான் ஒரு மாம்பழத்தைக் கடித்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

பின்னேரம் குட்மேய்ஸுக்குத் திரும்பினோம். காரை எடுக்க மச்சான் ஃபாரஸ்ட் கேட் போய்விட்டார். நானும் குமுதினியும்தான். அவள் இடது கையால் திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே போகவில்லை. படியில் நின்றாள். மூச்சை இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"அண்ணை."

"ஓம்."

"மணக்குது."

"ஓம்."

பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் இருக்கிறாள். முன்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். அவள் அசையவில்லை. வெட்கப்படுகிறாளோ என்று நினைத்தேன்.

"பசிக்குது" என்றாள். உள்ளே போனாள்.